வாசலைத் தேடும் கண்கள்

ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் கார்மேல் அன்னையின் திருநாள். உத்தரிய மாதா என்று நம் பாட்டிமார் அன்போடு அழைத்த அந்த அன்னைக்கு நவநாள் செய்து, கழுத்தில் உத்தரியம் அணிந்து, குடும்பமாகத் திருப்பலியில் பங்கேற்று மகிழ்வது நம் மரபு. ஆனால் 2004ஆம் ஆண்டு முதல் அதே நாள் தமிழகத்துக்கு வேறொரு நினைவையும் சுமந்து வருகிறது. அன்னையின் ஆடை நிழலை நாம் நாடும் அந்த நாளில்தான், கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்திருநாளின் காலைத் திருப்பலிக்கு முன்னர், உபதேசியார் கொணர்ந்து தந்த கருத்துச் சீட்டுகளில் ஒன்று நம்மைச் சற்றே நிற்க வைத்தது. நோய் நீங்க, தேர்வில் வெற்றி பெற, இறந்த தாயின் ஆன்மா இளைப்பாற என்னும் வழக்கமான வேண்டுதல்களுக்கிடையே, அந்தச் சீட்டில் "94 குழந்தைகள்" என்று மட்டுமே எழுதியிருந்தது. கொடுத்தவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே சீட்டு வந்தது. மூன்றாம் ஆண்டு, அதை எழுதியவர் யாரென்று உபதேசியாரிடம் கேட்டறிந்தோம்.

அவர் முப்பதை எட்டும் வயதினர். பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனம் ஒன்றில் பணி. மனைவியோடும் நான்கு வயது மகளோடும் கொட்டிவாக்கத்தில் குடியிருக்கிறார். புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டை மந்திரிக்க வருமாறு அவர் அழைத்தபோது, நாம் மகிழ்வோடு சென்றோம்.

திருவான்மியூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கொட்டிவாக்கத்தை இன்று காண்போர், அது ஒரு காலத்தில் ஓலைக் குடில்களும் சவுக்குத் தோப்புகளும் நிறைந்த கடலோரச் சிற்றூராயிருந்தது என்றால் வியப்பர். 2011இல் சென்னை மாநகராட்சியோடு அது இணைந்தது. குப்பத்துக்கு அப்பால் எங்கும் அடுக்குமாடி வீடுகள். அத்தகையதொரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் அந்தக் குடும்பம் வாழ்கிறது. தீர்த்தம் தெளித்து, செபம் முடித்து, காப்பி அருந்தும் வேளையில், அந்த இளைஞர் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினார்.

எட்டு வயதில் கண்டது

அவர் பிறந்த ஊர் கும்பகோணம். 2004இல் அவருக்கு எட்டு வயது. எரிந்த பள்ளியில் அவர் பயிலவில்லை. அதே நகரில் வேறொரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்தார். தீயை அவர் கண்ணால் காணவில்லை. ஆயினும் அந்த முற்பகல் அவர் உள்ளத்தில் அப்படியே இருக்கிறது.

"பாடம் நடந்துகொண்டிருந்தது, சாமி. திடீரென்று வாசலில் பெண்களின் கூக்குரல். எந்தப் பள்ளிக்கூடத்தில் தீ என்று ஊரில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் எல்லாத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஓடினார்கள். எங்கள் அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். என்னைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலையையும் கைகளையும் தடவிப் பார்த்தார். வீடு போய்ச் சேரும்வரை என் கையை விடவே இல்லை. மணிக்கட்டில் அவர் பிடித்த தடம் சிவந்து போயிருந்தது."

அவர் தெருவில் உடன் விளையாடிய பிள்ளைகளுள் சிலர் அதன்பின் விளையாட வரவில்லை. அதைப் பற்றி அவர் கேட்டபோதெல்லாம், "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று பெரியவர்கள் வாயடைத்தனர். அன்று தொடங்கிய ஒரு பழக்கம் இன்றுவரை அவரை விடவில்லை. வகுப்பறையோ, திரையரங்கோ, திருமண மண்டபமோ, அலுவலகமோ, எங்குச் சென்றாலும் முதலில் அவர் கண்கள் வாசலைத் தேடும். எத்தனை வாசல், எந்தப் பக்கம் திறக்கும், மாடிப்படி எவ்வளவு அகலம் என்று மனம் கணக்கிடும். கணக்கு முடியும்வரை அவரால் அமர இயலாது.

அண்மையில் மகளைச் சேர்ப்பதற்காக ஒரு பள்ளிக்குச் சென்றாராம். கட்டணம், சீருடை, பேருந்து என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும், "இரண்டாவது மாடிப்படி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். உடனிருந்த பெற்றோர் சிலர் நகைத்தனர். மனைவிக்கும் சங்கடம்.

இதையெல்லாம் கூறிவிட்டு அவர் நம்மை நிமிர்ந்து நோக்கி, "சாமி, இருபது ஆண்டு கடந்தும் இப்படி இருக்கிறேனே, இது என் விசுவாசக் குறைவா? கடவுளை நம்புகிறவன் இப்படிப் பயப்படலாமா?" என்று கேட்டார்.

வீடு மந்திரிக்கச் சென்ற நமக்கு, அங்கேயே விடை கூற நா எழவில்லை. "செபிப்போம்" என்று சொல்லி விடைபெற்றோம். அவருக்கு அன்று கூறத் தவறியதையே இங்கு எழுத முயல்கிறோம்.

அன்று நடந்தது என்ன?

இளம் பெற்றோர் பலர் அந்நிகழ்ச்சியின் விவரம் அறியார் என்பதால் அதைச் சுருங்கக் கூறுவது நலம்.

2004ஆம் ஆண்டு ஜூலை 16, ஆடி வெள்ளி. கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஸ்ரீ கிருஷ்ணா பள்ளிக் கட்டடத்தில், ஒரே கூரையின்கீழ் மூன்று பள்ளிகள் இயங்கின. மாடியில் தொடக்க வகுப்புகள். அவற்றுக்கு மேலே தென்னங்கீற்றுக் கூரை. சத்துணவு சமைக்கும் அடுப்படிக்கும் கீற்றே கூரை. முற்பகலில் அடுப்பிலிருந்து எழுந்த தீ சமையற்கூடத்தின் கீற்றைப் பற்றியது. அங்கிருந்து வகுப்பறைகளின் கூரைக்குத் தாவியது. மூங்கிலும் கயிறும் கீற்றும் கொண்டு கட்டிய கூரை எரிந்து, கீழே அமர்ந்திருந்த குழந்தைகள் மேலேயே விழுந்தது. இறங்குவதற்குக் குறுகிய மாடிப்படி ஒன்றே இருந்தது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்த 94 பேரும் தொடக்கப் பள்ளிப் பருவத்துக் குழந்தைகள். காயத்தோடு தப்பியவர்கள் 18 பேர்.

நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, பதினொருவரை விடுவித்தது. 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் சிலரை விடுவித்தது. சிலருடைய தண்டனையைக் குறைத்தது. பெற்றோர்களோ, எந்தத் தீர்ப்பையும் எதிர்பாராமல், ஆண்டுதோறும் அந்த நாளில் தம் மக்களின் படங்களுக்கு முன் மலர் தூவி, மாலையில் மகாமகக் குளக்கரையில் விளக்கேற்றி வருகின்றனர்.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அதை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அச்சமின்றிப் பாதுகாப்பான இடத்தில் கல்வி பெறுவது குழந்தையின் அடிப்படை உரிமை என்றும், பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகளும் ஆசிரியர்களுக்கு அதற்கான பயிற்சியும் இருத்தல் வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

நாமும் கீற்றின்கீழ் படித்தவரே

இவ்விடத்தில் நம் கதையையும் சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், கீற்றுக் கொட்டகையில்தான் நாம் அகரம் எழுதக் கற்றோம். கோடையில் அது குளிர்ச்சி தரும், மழையில் ஒழுகும். ஆண்டுக்கொரு முறை பழைய கீற்றைப் பிரித்துப் புதியது வேய்வர். பெருஞ்செலவில்லை. ஊர்மக்களே கூடிச் செய்துவிடுவர். ஏழை எளியோரின் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றதில் அந்தக் கொட்டகைகளுக்கு உள்ள பங்கை மறுக்கவொண்ணாது.

ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அந்தக் கொட்டகை எரிந்தது. பக்கத்துக் களத்தில் சருகு கொளுத்தியபோது காற்று தீப்பொறியைக் கொணர்ந்தது என்றனர். நாங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் நான்கு கம்பங்களும் கரும்பலகையின் சட்டமுமே நின்றன. உள்ளே ஒருவரும் இல்லை. நாளை பள்ளி இராது என்று நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. சாம்பலைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றார். எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, வருகைப் பதிவேடு எடுப்பவர்போல், "இருக்கிறாயா? இருக்கிறாயா?" என்று கேட்டார். விடுமுறை நாளில் ஏன் வருகை எடுக்கிறார் என்று நாங்கள் மேலும் சிரித்தோம்.

அந்தக் கேள்வியின் பொருள் விளங்க நமக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. 2004இல் நாம் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அப்பங்கின் சிறிய பள்ளிக்கு நாமே தாளாளர். ஜூலை 16 மாலை வானொலியில் கும்பகோணச் செய்தி கேட்டபோது, அறையைவிட்டு வெளியே வந்தோம். எதிரே நம் பள்ளியின் பாலர் வகுப்பு; அதன்மேல் கீற்றுக் கூரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், "குழந்தைகளுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், செலவும் குறைவு" என்று சொல்லி, அதற்கு ஒப்புதல் கையெழுத்திட்டவர் நாமே. பத்தடி தொலைவில் சத்துணவு அடுப்பு. அதன் புகை நாள்தோறும் அந்தக் கூரையைத் தடவிச் சென்றதை நாமும் நாள்தோறும் கண்டிருக்கிறோம். கண்டும் காணவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியலில், அரசாணை ஏதும் வருவதற்கு முன்னரே, பங்கு இளைஞர் சிலரைக் கூட்டிக்கொண்டு கீற்றைப் பிரித்தோம். பாலர் வகுப்பைக் கோயில் முகப்புக்கு மாற்றினோம். சிலர் நம்மைப் பாராட்டினர். பாராட்டுக்கு நாம் உரியவரல்லோம். கும்பகோணத்துப் பொறுப்பாளர்களுக்கும் நமக்கும் இடையிலிருந்த வேறுபாடு, காற்று வீசிய திசை ஒன்றே என்பதை நம் மனச்சான்று அறியும்.

நம் திருச்சபையின் வீட்டிலும்

பிறர் பள்ளியில் நேர்ந்தது என்று கத்தோலிக்கர்களாகிய நாம் ஒதுங்கிவிடவும் இயலாது. 1958 டிசம்பர் முதல் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில், வானதூதர்களின் அன்னை என்னும் பெயருடைய பங்குப் பள்ளியில் பெருந்தீ மூண்டது. பள்ளி முடியச் சிறிது நேரமே இருந்த பிற்பகல். கீழ்த்தளத்து மாடிப்படியின் அடியில் இருந்த குப்பைத் தொட்டியில் பிறந்த தீ, மாடிப்படியையே புகைபோக்கியாகக் கொண்டு மேல்மாடிக்கு ஏறியது. வகுப்பறைக் கதவுகளுக்கு வெளியே புகை சூழ்ந்த பின்னரே உள்ளிருந்தோர் அறிந்தனர். சன்னல்களின் அடிக்கட்டை சிறுவர் ஏறிக் கடக்க இயலாத உயரம். அதைக் கடந்தாலும் தரை ஏறத்தாழ 25 அடி கீழே. 92 குழந்தைகளும், அவர்களை விட்டு அகலாத கன்னியர் மூவரும் உயிரிழந்தனர்.

அப்பள்ளி சட்டத்தை மீறியதன்று என்பதே நெஞ்சைச் சுடும் செய்தி. 1949இல் அந்நகரம் இயற்றிய கட்டட விதிகள் புதிய கட்டடங்களுக்கே பொருந்தும். பழையவற்றுக்கு விலக்கு உண்டு. தீ நேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் தீயணைப்புத் துறையினர் வந்து பார்த்துச் சென்றிருந்தனர். ஆயினும் பள்ளியின் அபாய மணி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. தானே நீர் தெளித்துத் தீயை அடக்கும் குழாய்களும் இல்லை. ஏட்டில் எல்லாம் சரியாயிருந்தது, குழந்தைகளுக்குத்தான் வழியில்லை. அதன்பின் அந்நாடெங்கும் பள்ளிக் கட்டடங்களின் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

நம் கட்டுரைக்கு இன்றியமையாத செய்தி ஒன்று அங்கேயும் உண்டு. தப்பிப் பிழைத்த சிறுவர் சில நாள்களிலேயே வேறு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். நடந்ததைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம் என்று பெரியவர்கள் கருதினர். அவர்கள் தீயோர் அல்லர். பேசாவிட்டால் மறந்துவிடுவர் என்று நம்பிய அன்பர்களே. ஆனால் அக்குழந்தைகள் மறக்கவில்லை. நரை கண்ட பின்னரே அவர்களுள் பலர் வாய் திறந்தனர். புகை நாற்றம் எழுந்தால் நடுங்குவோரும், தப்பியதற்காகத் தம்மையே குற்றவாளியாக எண்ணியோரும் அவர்களுள் உண்டு. சிகாகோவுக்கும் கும்பகோணத்துக்கும் எவ்வளவோ தொலைவு. ஆயினும் "அந்தப் பேச்சு வேண்டாம்" என்ற சொல் ஈரிடத்தும் ஒன்றே.

கடவுளின் சித்தமா?

இத்தகைய துயரங்களில் நம் வாயிலிருந்து எளிதில் வெளிப்படும் சொல் ஒன்று உண்டு: "எல்லாம் கடவுளின் சித்தம்." அடக்கச் சடங்குகளில் நாமும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். முதுமையில் அமைதியாக மரித்தவருக்கு அது பொருந்தலாம். பூட்டிய கதவுக்கும், எரியும் கூரைக்கும், பெறாத உரிமத்துக்கும் கடவுளின் சித்தத்தைப் போர்த்துவது முறையாகுமா?

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தியை நம் ஆண்டவரே எடுத்துரைக்கிறார். இறந்தோர் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். அதோடு நிறுத்தாமல், கேட்டுக்கொண்டிருந்தோரை மனம் மாறும்படி அழைக்கிறார். இறந்தோரைப் பற்றி விளக்கம் தேடியவர்களை அவர் தம்மையே நோக்குமாறு திருப்பினார். இலாசரின் கல்லறையருகே, உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்தும், அவர் முதலில் அழுதார். மாசற்ற குழந்தைகள் பெத்லகேமில் கொல்லப்பட்டபோது, ஆறுதல் பெற மறுத்த இராக்கேலின் அழுகையை நற்செய்தியாளர் மறைக்காமல் எழுதிவைத்தார். அழுகையை அடக்கச் சொல்வது நம் மறையின் வழியன்று.

இன்னொன்றும் நோக்குக. பழைய ஏற்பாட்டில் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுவோருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. பலிபீடத்தையும் திருநாளையும் பற்றிக் கட்டளையிட்ட இறைவன், மாடிச் சுவரைப் பற்றியும் கட்டளையிட்டார். அப்படியாயின் மாடிப்படியின் அகலமும், கதவு திறக்கும் திசையும், அடுப்புக்கும் கூரைக்கும் உள்ள தொலைவும் வெறும் பொறியாளர் கவலையல்ல. அவை பிறரன்பின் பகுதியே. பிறர் உயிருக்குக் காவலாக நாம் எழுப்பும் ஒவ்வொரு சுவரும் கடவுளுக்கு உகந்த பலியாகும்.

எனவே கொட்டிவாக்கத்து அன்பருக்கு நம் விடை இது: வாசலைத் தேடும் உமது கண்கள் விசுவாசக் குறைவின் கண்கள் அல்ல. அன்று உம் தாய் உமது மணிக்கட்டைப் பிடித்த அதே அன்பு, இன்று உம் மகளுக்காக உம்முள் விழித்திருக்கிறது. ஆனால் அந்தச் சுமையைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. உறக்கம் கெடுமளவுக்கு அச்சம் வருத்துமாயின், காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோல் மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கொன்றும் இல்லை. பயத்தை மருத்துவர் தணிக்கட்டும். விழிப்பை நீர் விட்டுவிட வேண்டாம். "இரண்டாவது மாடிப்படி எங்கே?" என்ற கேள்வியை நீர் ஒருவர் மட்டும் கேட்டதுதான் குறை. நாம் அனைவரும் கேட்டிருந்தால் ஒருவரும் நகைத்திருக்க மாட்டார்.

பெற்றோர் செய்யத் தக்கவை

கீற்று மறைந்துவிட்டது, ஆபத்தும் மறைந்தது என்று எண்ணுவோர் 2019 மே 24ஐ நினைவிற் கொள்ள வேண்டும். அன்று குஜராத் மாநிலம் சூரத் நகரில், வணிகக் கட்டடமொன்றின் மேல்தளத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் தீ பரவி 22 மாணவர் மாண்டனர். அங்கே தென்னங்கீற்று இல்லை. மேல்மாடியில் இளம்பிள்ளைகளும், தப்ப வழியில்லாத படிக்கட்டும் இருந்தன. நம் நகரிலும் கடைகளுக்கு மேலே, ஒற்றைப் படிக்கட்டு வழியே ஏறிச் செல்லும் தனிப்பயிற்சி வகுப்புகள் எத்தனை! அந்தப் படிகளிலேயே மிதிவண்டிகளும் அட்டைப் பெட்டிகளும் அடைந்து கிடப்பதை நாம் காண்பதில்லையா?

ஆகவே, பிள்ளையைப் பள்ளியிலோ பயிற்சி வகுப்பிலோ சேர்க்கும்போது மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள். வெளியேற இரண்டு வழிகள் உண்டா? பள்ளி நேரத்தில் அவை பூட்டாமல் இருக்கின்றனவா? சன்னல் கம்பிகளுள் ஒன்றாவது அவசர வேளையில் திறக்கக் கூடியதா? தீயணைப்புக் கருவி எங்கே உள்ளது, அதை இயக்க ஆசிரியர் அறிவாரா? ஆண்டுக்கு ஓரிரு முறையாவது பிள்ளைகளை வரிசையாக வெளியேற்றும் ஒத்திகை நடக்கிறதா? பெற்றோர் ஒருவர் கேட்டால் அது தொல்லை. இருபது பேர் பணிவோடு கேட்டால் அது நடைமுறை ஆகிவிடும்.

வீட்டிலும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல் தரையை ஒட்டித் தவழ்ந்து வெளியேற வேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். பையையும் காலணியையும் எடுக்கத் திரும்பக் கூடாது. கட்டிலுக்கு அடியில் ஒளியக் கூடாது. தீயணைப்பு நிலையத்தின் எண் 101. குடும்ப செபம் முடிந்ததும் ஒருநாள் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துன்பத்தைக் கண்ட குழந்தை பேச விரும்பினால் கேளுங்கள். அது தீயாயினும், விபத்தாயினும், 2004 டிசம்பரில் நம் கடற்கரையை வாரிச் சென்ற ஆழிப்பேரலையாயினும், "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைக்கு நம்மிடமிருந்து விளக்கம் வேண்டியதில்லை. அருகிலிருந்து கேட்க ஒருவர் வேண்டும். எரிந்த கொட்டகையின் முன் எங்களைப் பெயர் சொல்லி எண்ணிய அந்த ஆசிரியரைப்போல் ஒருவர் போதும்.

பூட்டிய கதவு ஒன்று

இவ்வாண்டு கார்மேல் அன்னை திருநாளில், "94 குழந்தைகள்" என்ற கருத்தைச் சீட்டில் உள்ளபடியே உரக்க வாசித்தோம். மக்கள் சற்று வியந்து, பின் அமைதியாயினர். கும்பகோணம் என்ற பெயரை மறையுரையில் கூறியதும், மூத்த தாய்மார் சிலர் முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டனர்.

திருப்பலி முடிந்தபின், அந்த அன்பர் மகளோடு நம்மைக் காண வந்தார். சிறுமி நம் அங்கியைப் பிடித்திழுத்து, "சாமி, இந்தக் கோயிலுக்கு எத்தனை கதவு தெரியுமா? நான் எண்ணிட்டேன்" என்றாள். தந்தை வெட்கினார். நாம் அவளைக் கதவுகளைக் காட்டச் சொன்னோம். முன்வாசல் ஒன்று; வடபுறம் ஒன்று; தென்புறம் ஒன்று. தென்புறக் கதவின் அருகே சென்றவள் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது திறக்காது சாமி, பூட்டியிருக்கு" என்றாள்.

உண்மைதான். திருவிழாவுக்கு வாங்கிய நாற்காலிகளை அதன் உட்புறம் அடுக்கி, பூட்டும் போட்டிருந்தோம். எத்தனை மாதமாக என்று நமக்கே நினைவில்லை. கீற்றுக் கூரையைப் பிரித்துவிட்டதால் பாடம் கற்றுவிட்டோம் என்று எண்ணியிருந்த நாம், நாள்தோறும் அந்தக் கதவைக் கடந்துதான் பீடத்துக்குச் சென்று வந்தோம்.

சாவி எங்கே என்று உபதேசியாருக்கும் தெரியவில்லை. பங்கு இளைஞர்கள் நாற்காலிகளை அகற்றினர், பூட்டை உடைத்தோம். கதவு திறந்ததும் கடற்காற்று உள்ளே வந்தது. சிறுமி வெளியே ஓடி, மறுபடியும் உள்ளே வந்து, "இப்ப மூணு" என்று விரல்களைக் காட்டினாள்.

இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் இத்தகைய கதவு ஒன்று இருக்கக் கூடும். இன்றே சென்று அதைத் திறந்து பாருங்கள். கார்மேல் அன்னை தம் திருமகனின் அருகில் அந்த 94 குழந்தைகளையும் அரவணைப்பாராக. எஞ்சியிருக்கும் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பை அவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.